மூத்த செடி

"இதை இண்டைக்கே இங்கிலீசில மாத்தித் தர ஏலுமா?" என்று கேட்டபடி உள்ளே வந்த பெண் நாற்காலியில் உட்காரவில்லை. மேசையில் வைத்த தாளை ஜன்னல் காற்று தூக்கிப் போக, ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி வைத்தாள். மறுபடியும் பறந்தது. மூன்றாவது முறை அதைக் கையால் அறைந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஸைனப் ஜன்னலைச் சாத்தினார். பதுளை நீதிமன்றத்துக்குப் பின்தெருவில், போட்டோகொப்பிக் கடையின் மேல்மாடியில், இருபத்திரண்டு வருடமாக அவர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகரத்து மனு என்று எதைக் கொண்டு வருபவர்களும் இன்றைக்கே வேண்டும் என்றுதான் கேட்பார்கள். அந்த அவசரம் அவரை எப்போதோ தொடாமல் போய்விட்டது.

"உட்காருங்க. யாருடைய கடிதம்?"

"ஒரு பொய்யன்ர கடிதம்."

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த சுபாஸின் விரல்கள் நின்றன. அவருக்கு வயது நாற்பத்து மூன்று. தினமும் ஹாலிஎலயிலிருந்து ரயிலில் வருபவர். கையில் வரும் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒரு குற்றம் ஒளிந்திருப்பதாக நம்புபவர். பதினாறு வருடத்தில் இரண்டு முறை அது உண்மையாகவும் இருந்தது. அந்த இரண்டையும் கண்டுபிடித்தது ஸைனப் என்பதை அவர் கணக்கில் எடுப்பதில்லை.

வந்தவள் பெயர் நிவேதிகா. யாழ்ப்பாணத்துக்காரி, தாவரவியல் விரிவுரையாளர். கடிதம் நாலே வரி, பழகாத கையெழுத்து. ஸைனப் பேனாவை எடுத்துக்கொண்டு வாசித்தார்.

'நான் முப்பத்தொரு வருசமாக ஆர்டன்ஹில் பங்களாவில் பூந்தோட்டம் பார்க்கிறேன். முற்றத்தில் நிற்கும் மூத்த செடியைத் தவிர அந்த ஜாதியில் வேறு செடி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இது உண்மை. மாடசாமி.'

பேனா இரண்டாவது வரியில் நின்றுவிட்டது.

"இது என்ன செடி?" என்று கேட்டார்.

நிவேதிகா பெருமூச்சு விட்டாள். இந்தக் கதையை இந்த வருடம் எத்தனை பேருக்குச் சொல்லி அலுத்தாளோ, அந்த அலுப்பு முழுவதும் அந்த மூச்சில் இருந்தது.

"ஆபிரிக்காவில இருக்கிற ஒரு பூஞ்செடிப் பேரினம். தொர்வெனியா எண்டு பேர். கோப்பிக் குடும்பம். புத்தகங்களில பதினொரு இனம் எண்டு கிடக்கு. அஞ்சு வருசமா ஒவ்வொண்டாப் பார்த்து வாறன். உண்மையில ஆறுதான். மிச்ச அஞ்சும் ஒரே செடிக்கு வேற வேற ஆக்கள் வைச்ச பேர்."

"அதுக்கும் ஹல்துமுல்லைப் பக்கத்து ஆர்டன்ஹில் பங்களாவுக்கும் என்ன சம்பந்தம்?"

"தன்சானியாவில இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை அந்தத் தோட்டத்துக்கு மாறி வரேக்க ஒரு காய் கொண்டு வந்தவர். அவர்ர கடிதம் இருக்கு. ஒரே காய். அதின்ர விதையில ரெண்டு செடி முளைச்சது. ஒரு செடியில பூவுக்கு நடுவில நிக்கிற தண்டு நீளம், மகரந்தம் உள்ளுக்க. மற்றதில தண்டு கட்டை, மகரந்தம் வெளியில. இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் நூறு வருசத்துக்கு முன்னம் ரெண்டையும் ரெண்டு இனமாப் பிரிச்சவை. நீளத் தண்டு அல்பா, ஆபிரிக்காவில ரோட்டோரமெல்லாம் கிடக்கு. கட்டைத் தண்டு சொலிட்டாரியா, அரிதிலும் அரிது எண்டு பேர். ஒரு காயில பிறந்தது ரெண்டும் எப்பிடி ரெண்டு இனமாகும்?"

"அண்ணன் தம்பிக்கு மூக்கு வேற வேற மாதிரி இருக்கிறது போல," என்றார் சுபாஸ்.

"போல இல்லை. அதேதான். அதோட, ரெண்டு வகையும் கிட்டக் கிட்ட நிண்டு, பூச்சி ஒண்டிலயிருந்து மற்றதுக்கு மகரந்தம் கொண்டு போனாத்தான் காய் பிடிக்கும். ஒண்டு தனியா நிண்டா ஏப்ரலில பூத்துக் கொட்டுண்டு போயிடும். ஒரு காயும் வராது."

அந்த இரண்டு செடிகளும்தான் அவளுடைய ஆய்வின் அச்சாணி. கட்டுரையைப் பரிசீலித்தவர்கள், செடிகள் உண்மையில் அங்கே நிற்கின்றன என்று பங்களாவிடமிருந்து ஒரு கடிதம் கேட்டார்கள். அவளும் எழுதிக் கேட்டாள். பங்களா இப்போது சுற்றுலா விடுதி. அதன் முகாமையாளர் சுரேஸ் கடிதத்துக்குப் பதிலாக ஒரு சத்தியக் கடதாசியே அனுப்பினார். பங்களாவில் ஒரே ஒரு செடிதான் இருக்கிறது, எப்போதும் ஒன்றுதான் இருந்தது என்று. கூடவே மாடசாமியின் இந்த நாலு வரி.

"பெப்ரவரியில ஓடிப்போய்ப் பார்த்தன். அல்பா நிண்ட இடத்தில சிமெந்துத் தரை, மேல கதிரை மேசை. அது நாலு வருசத்துக்கு முன்னம், தான் வரேக்கயே கிடந்தது எண்டு சுரேஸ் சொல்லுறார். அண்டையிலிருந்து என்னைக் கேற்றுக்குள்ள விடுறதில்லை. என்னட்டப் பூவின்ர படம்தான் இருக்கு, ரெண்டு செடியும் சேர்ந்து நிக்கிற படம் இல்லை. எங்கயோ எடுத்த படத்தை வைச்சுக் கதை கட்டினன் எண்டு கம்பஸில விசாரணை. வாற புதன்கிழமை."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"சுரேஸ் சொன்னது பரவாயில்லை. மாடசாமி அண்ணை மூண்டு வருசம் என்னோட பிளேன்டீ குடிச்சவர். அந்தச் செடிக்குக் கீழ நான் குனிஞ்சு படம் எடுக்கேக்க வெயிலுக்குக் குடை பிடிச்சவர். அவர் என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லுறார், ரெண்டாவது செடியா, அப்புடி ஒண்ணு இல்லைங்களே மிஸ் எண்டு. எனக்கே சந்தேகம் வந்திட்டுது, எனக்குத்தான் மூளை பிசகிப் போச்சோ எண்டு."

ஸைனப் தாளை அவள் பக்கம் திருப்பி ஒரு சொல்லின் கீழ் விரலை வைத்தார்.

"என்னால இந்த ரெண்டாவது வரியைத் தாண்ட முடியல்ல. மூத்த செடி என்று எழுதியிருக்கார். இதை ஆங்கிலத்தில் ரெண்டு விதமாப் போடலாம். வயசான செடி என்று போடலாம், ரெண்டில் பெரியது என்றும் போடலாம். எதைப் போடுறதென்று பார்த்தேன். வயசான செடியென்றால் நாம பழைய செடி என்போம், கிழட்டுச் செடி என்போம். மூத்தது என்று எப்ப சொல்லுவோம்?"

"இளையது இருந்தா," என்றார் சுபாஸ்.

"பொய் எழுதச் சொன்னாங்க, எழுதிட்டார்," என்றார் ஸைனப். "ஆனா முப்பத்தொரு வருசமா அந்தச் செடியை அவர் கூப்பிட்ட பேர் கையோட வந்துட்டுது. நாளைக்குச் சனிக்கிழமை. நாம மூணு பேரும் போவோம்."

கொழும்பு பஸ் பண்டாரவளையில் அரை மணி நேரம் நின்றது. ஹப்புத்தளையில் சாரதி இறங்கிப்போய் யாருடனோ சண்டை பிடித்துவிட்டு வந்தார். வழி முழுக்கச் சுபாஸ் தன் கருத்தை விளக்கிக்கொண்டிருந்தார். சொலிட்டாரியாவுக்குப் பேர் வைத்தவரின் பேரன் எங்கிருந்தோ வந்து செடியை வெட்டியிருக்க வேண்டும் என்பது அது. பெயர் வைத்தவர் கல்யாணம் கட்டாத பாதிரியார் என்று நிவேதிகா இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹல்துமுல்லைச் சந்தியில் அவளை ஒரு தேத்தண்ணிக் கடையில் இருக்கச் சொல்லிவிட்டு, மற்ற இருவரும் முச்சக்கரவண்டியில் ஏறினார்கள். தேயிலை மலைகளில் ஆனி மாதத்துக் காற்று இரைந்துகொண்டிருந்தது. மழை பெய்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

வாசலில் மூன்று மொழியில் பெரிய பலகை. 'சொலிட்டாரியா பங்களா. ஆசியாவில் உயிரோடு நிற்கும் ஓரே செடி இங்கே.' ஸைனப் அதன் முன் நின்றார்.

"ஒரே என்று எழுதத் தெரியாதவனுக்கு இவ்வளவு பெரிய பலகை," என்றார். அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து வந்த கடுமையான சொல் அதுதான்.

முற்றத்தில் சொலிட்டாரியா கம்பி வேலிக்குள் நின்றது. ஆள் உயரம், கரும்பச்சை இலை, பூ முடிந்துவிட்டிருந்தது. பத்தடி தள்ளி வெளிர்ச் சாம்பல் நிறச் சிமெந்துத் தரையில் நாலு கதிரைகள். பங்களாவின் படிகளிலும் மதிலிலும் கறுப்பும் பச்சையுமாகப் பாசி அப்பிக் கிடந்தது. தேநீருக்குச் சொல்லிவிட்டு ஸைனப் அங்கே ஒரு கதிரையில் உட்கார்ந்தார். சுபாஸ் கையில் குறிப்புக் கொப்பியோடு சுற்றி வந்தார். ஒரு மணி நேரத்தில் ஒன்பது மர்மங்களோடு திரும்பினார். பூட்டிய களஞ்சிய அறை ஒன்று. சமையல்காரரின் கையில் கட்டு. முகாமையாளரின் கார் இலக்கம். இப்படியே போனது.

"ஏழாவது என்ன சொன்னீங்க?" என்று இடைமறித்தார் ஸைனப்.

"அந்தத் தோட்டக்காரர், மாடசாமிதான் போல, பூவாளியில தண்ணியப் புடிச்சு, கேற்றைத் தாண்டிக் கீழ எறங்கிப் போறாருங்க மிஸ். பூந்தோட்டம் பூரா கேற்றுக்கு மேலதானே இருக்கு."

"கீழே என்ன இருக்கு?"

"தோட்டத்து ஆளுங்க இருக்கிற லயம் ரெண்டு, பிள்ளைக்காம்பரா ஒண்ணு. வேலைக்குப் போற பொம்பளைங்க புள்ளைகளை விட்டுட்டுப் போற எடம்."

"ஒன்பதாவது?"

சுபாஸ் சங்கடத்தோடு சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு கொப்பை எடுத்தார். "வேலிக்குள்ள கையை விட்டேன். ஒடைஞ்சிருச்சு. யாரும் பாக்கல."

கொப்பின் நுனியில் மல்லி விதை அளவில் கொத்தாக ஏதோ இருந்தது. ஸைனப் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை நகத்தால் கீறினார். உள்ளே ஈரம். பச்சை மணம். கொப்பைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"நிவேதிகா, வாங்க. கேற்றில தடுத்தா நான் கூப்பிட்டதாகச் சொல்லுங்க. சுபாஸ், முகாமையாளரைக் கூட்டிட்டு வாங்க. மாடசாமியையும்."

ஸைனப் விராந்தைக்கு மாறி உட்கார்ந்திருந்தார். சுரேஸ் இஸ்திரி போட்ட சட்டையும் வாசனையுமாக வந்தார். நிவேதிகாவைக் கண்டதும் முகம் மாறியது. மாடசாமி அறுபதை நெருங்கிய ஒல்லியான மனிதர். விராந்தைக்கு ஏறாமல் படியிலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிவேதிகாவும் அவரைப் பார்க்கவில்லை.

"இந்த மிஸ் விசயமா இன்னும் எத்தனை பேர் வரப் போறீங்க?" என்றார் சுரேஸ். "ஒரு செடின்னு எத்தனை தடவை சொல்றது? எனக்கு வேற வேலை இல்லையா?"

"எனக்கும் இருக்கு," என்றார் ஸைனப். "அதனால சுருக்கமாச் சொல்றேன். அந்தச் சிமெந்துத் தரை நீங்க வரும்போதே இருந்ததென்று நிவேதிகாவிடம் சொல்லியிருக்கீங்க. படியைப் பாருங்க, மதிலைப் பாருங்க. இந்த ஊர்ப் பனிக்கு நாலு வருசத்தில் சிமெந்து இப்படி வெளுப்பா நிற்காது. இது போட்டு ஒரு வருசம் கூட ஆகல்ல."

"கழுவுறோம்."

"அப்ப படியையும் கழுவியிருக்கலாம். சரி, அதை விடுங்க." ஸைனப் கைக்குட்டையை விரித்தார். "இது உங்க சொலிட்டாரியாவில் இப்ப எடுத்தது. நிவேதிகா, இது என்ன?"

நிவேதிகா எழுந்து வந்து குனிந்தாள். கொப்பைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

"காய்," என்றாள். "இந்த வருசத்துக் காய்."

"செடி தனியா நின்றால்?"

"பிடிக்காது. ஒண்டு கூடப் பிடிக்காது. இந்த ஏப்ரலில மற்றச் செடி பூத்திருக்கு. உயிரோட, பூச்சி போய்வாற தூரத்தில."

படியில் நின்ற மாடசாமி தலையைத் தூக்கினார்.

சுரேஸ் சிரிக்கப் பார்த்தார். "பூச்சி எங்கயிருந்தாவது கொண்டு வந்திருக்கும். இந்த மலையில எத்தனை செடி இருக்கு."

"அப்படியா? ஆசியாவிலயே வேற இல்லையென்று வாசல்ல மூணு மொழியில் எழுதி வச்சிருக்கிறது நீங்கதான். பூச்சி ஆபிரிக்காவிலிருந்தா வந்தது?"

காற்று விராந்தையின் திரைச்சீலையை அடித்தது. சுரேஸ் கதிரையில் உட்கார்ந்தார்.

"ஏன் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்," என்றார் ஸைனப். "மூணு வருசத்துக்கு முன்னுக்கு நிவேதிகாதான் உங்களுக்குச் சொல்லியிருக்கா, இது உலகத்திலேயே அபூர்வமான செடி என்று. நீங்க பங்களாவின் பேரையே மாத்திட்டீங்க."

"பலகை, சாப்பாட்டுத் தட்டு, துவாய், எல்லாத்திலயும் அந்தப் பேர்," என்றார் சுரேஸ். குரலில் இப்போது பயத்தை விட எரிச்சல்தான் இருந்தது. "போன செப்டம்பர்ல வந்து நிக்கிறாங்க. சுரேஸ், மன்னிக்கணும், அது ஒண்ணும் அபூர்வம் இல்ல, ரோட்டோரத்துச் செடிதான், ரெண்டும் ஒண்ணுதான்னு. சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. நான் கொழும்பில இருக்கிற பெரியவங்களுக்கு என்னன்னு சொல்றது? ஒண்ணு இல்லாமப் போனா இவங்க கதையும் இல்லாமப் போயிரும்னு நெனச்சேன்."

சிரித்துக்கொண்டு சொன்னது நிவேதிகாவுக்கு ஞாபகம் இருந்தது. அன்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"அதனால பிடுங்கி அழிக்கச் சொன்னீங்க," என்றார் ஸைனப். "ஆனா செடி அழியல்ல. எங்கே இருக்கென்று எனக்குத் தெரியும். யார் வச்சாங்க என்பது இங்கே யாருக்கும் தேவையில்லை, நான் அதைச் சொல்லப் போறதும்…"

"நாந்தாங்க," என்றார் மாடசாமி.

ஸைனப் கண்களை மூடித் திறந்தார். அந்த மனிதரின் பெயர் வராமல் விசயத்தை முடிப்பதற்கு, சுரேஸ் வருவதற்கு முன்பே வழி யோசித்து வைத்திருந்தார். எல்லாம் ஒரு சொல்லில் போயிற்று.

"தொரை எரிக்கச் சொன்னாங்க. வேரோட எடுத்தேன். அடுப்பு வரைக்கும் கொண்டு போனேன். முடியலைங்க. பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னாடி வச்சிட்டேன். தங்கச்சி வேலாயிதான் அங்க ஆயா. வெளிய சொன்னா எனக்கும் வேலை போயிரும், அவளுக்கும் போயிரும். முன்ன ரோசாக் கன்னு ஒண்ண லயத்துக்குக் கொண்டு போனதுக்கே ஒருத்தர நிப்பாட்டினாங்க."

சுரேஸ் எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஸைனப் பேசினார்.

"உட்காருங்க. சத்தியக் கடதாசியில் பொய் சொல்றது குற்றம். பதுளைக் கோட்டில் இதைப் போல எத்தனையை நான் மொழிபெயர்த்திருக்கேன், எப்படி முடியும் என்று தெரியும். அவர் நீங்க சொன்னதைச் செய்திருந்தா அதுதான் உங்க கதி. அவர் செய்யாததால உங்களுக்கு ஒரு வழி இருக்கு. சுபாஸ், எழுதுங்க. சிமெந்து வேலைக்காக இரண்டாவது செடி பிள்ளைக்காம்பராவுக்குப் பின்புறம் மாற்றி நடப்பட்டது. முன்னைய சத்தியக் கடதாசி தவறானது, அதை வாபஸ் வாங்குகிறேன். செடியைக் காப்பாற்றிய மாடசாமி தொடர்ந்து அதைப் பராமரிப்பார். கீழே உங்க கையெழுத்து."

"கடைசி வரி எதுக்கு?"

"அது இல்லாட்டி முதல் ரெண்டு வரியும் உங்களுக்குக் கிடைக்காது."

சுரேஸ் நீண்ட நேரம் பலகை இருந்த திசையைப் பார்த்தார். பிறகு பேனாவைக் கேட்டார்.

பிள்ளைக்காம்பராவுக்குப் போகும் பாதை செங்குத்து. நிவேதிகா எல்லோருக்கும் முன்னால் இறங்கினாள். கட்டிடத்துக்குப் பின்னால், துணி காயும் கொடிக்குப் பக்கத்தில், ஈரமான பாத்தியில் செடி நின்றது. இடுப்பு உயரத்துக்குக் கீழே ஒரு பூவும் காயும் இல்லை.

"புள்ளைங்க விட்டாத்தானே," என்றாள் வேலாயி. இடுப்பில் ஒரு குழந்தையோடு வாசலில் நின்றிருந்தாள். "எட்டினதெல்லாம் புடுங்கிருச்சுங்க. வெளையாட்டுச் சட்டிக்குள்ள போட்டுச் சோறு ஆக்குதுங்க. நானும் சத்தம் போட்டுப் பாத்துட்டேன்."

நிவேதிகா கைகளால் தலையைப் பிடித்துக்கொண்டாள். சுபாஸ் செடியைச் சுற்றி வந்து, கால்விரல் நுனியில் நின்று, உச்சியில் இலைகளுக்குள் விரலை நீட்டினார். காலம் தப்பிப் பூத்த இரண்டு பூக்கள் அங்கே இருந்தன. சற்று மேலே முற்றாத காய்க் கொத்து ஒன்றும் இருந்தது.

அவள் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ஒரு பூவை மெல்லப் பிரித்தாள்.

"நீளத் தண்டு," என்றாள். "அல்பா. இதிலயும் காய். ரெண்டும் ஒண்டுக்கொண்டு காய்ச்சிருக்கு."

அளந்தாள், படம் எடுத்தாள். இலைகளைக் கடதாசியில் வைத்தாள். மாடசாமி சற்றுத் தள்ளி நின்றார். குடை இல்லை, வெயில் அவள் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் ஒரு அடி நகர்ந்தார், அவருடைய நிழல் அவள் கையிலிருந்த பூவின் மேல் விழுந்தது.

"ஒரு ஃபோன் எடுத்திருக்கலாமே அண்ணை," என்றாள் அவள் நிமிராமலே. "நாலு மாசம். எல்லாரும் என்னைப் பொய்க்காரி எண்டவை. நீங்களும் என்ர முகத்தைப் பார்த்துச் சொன்னனீங்கள்."

"நம்பர் இருந்துச்சுங்க. ரெண்டு மூணு வாட்டி அடிக்கப் போனேன். வேலாயிக்கு மூணு புள்ளைங்க. அடிக்கல."

அவள் மன்னித்ததாகத் தெரியவில்லை. கொப்பை வெட்டி, மடித்த தாள்களுக்கு நடுவில் பரப்பி, செடியை அழுத்திக் காயவைக்கும் பலகையை வைத்துப் பட்டியை இறுக்கிக் கட்டினாள். பிறகு பையிலிருந்து ஒரு சிறிய அட்டையை எடுத்து முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினாள். பேரினம். இனம். சொலிட்டாரியா என்ற பெயரை எழுதி, அதற்குச் சமன் குறி போட்டு, அல்பா என்று எழுதினாள். இடம், உயரம், திகதி. சேகரித்தவர் என்ற வரியில் பேனா நின்றது.

சுபாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஸைனப் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார்.

நிவேதிகா முதல் முறையாக மாடசாமியைப் பார்த்தாள். கோபம் முகத்தை விட்டுப் போகவில்லை.

"உங்கட அப்பான்ர பேர் என்ன?" என்றாள். "இனிஷல் போடவேணும்."